பீரோவில் மிஞ்சிய பொட்டலங்கள்

சங்கத்து மகளிர் குழுவினர் இந்த இதழுக்கு இப்படியொரு கட்டுரை வேண்டும் என்று கேட்டபோது, "இதை யாராவது ஒரு மாமி எழுதினால் பொருத்தமாக இருக்குமே!" என்று நழுவப் பார்த்தேன். "மாமிகள் எழுதினால் மாமிகள்தான் படிப்பார்கள். நீங்கள் எழுதினால் மாமாக்களும் படிப்பார்கள்" என்று பதில் வந்தது. முப்பத்தேழு ஆண்டுகள் தண்டவாளம், ஸ்லீப்பர், ஜல்லி என்று காலம் தள்ளியவன் நான். எனக்கு டிப்ளமா தந்த பாலிடெக்னிக்கில் இதற்குப் பாடம் கிடையாது. படித்ததும் கேட்டதும் வீட்டில் பட்டதும் சேர்த்து எழுதுகிறேன். தவறு இருந்தால் சகோதரிகள் திருத்த வேண்டும்.

விஷயம் இதுதான். மாதவிலக்கு நாட்களில் பயன்படும் நாப்கின் பொட்டலங்கள் பல வீடுகளில் மிஞ்சிக் கிடக்கின்றன. வயதாகி விலக்கு நின்றுவிடுகிறது. அல்லது கர்ப்பப்பையை எடுத்துவிடுகிறார்கள். பெண் கல்யாணமாகியோ வேலை கிடைத்தோ வேறு ஊர் போய்விடுகிறாள். மருமகள் கர்ப்பமாகிறாள். ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்று வாங்கியது தோலுக்கு ஒத்துக்கொள்ளாமல் போகிறது. பழைய புடவையை யாருக்குக் கொடுப்பது, மிஞ்சிய மருந்தை என்ன செய்வது என்றெல்லாம் கூடிப் பேசும் நாம், இந்தப் பொட்டலத்தை மட்டும் யாரிடமும் சொல்லாமல் பரணில் ஏற்றிவிடுகிறோம். சில ஆண்டு கழித்துத் தீபாவளிக்கோ பூஜைக்கோ ஒழிக்கும்போது குப்பையில் போடுகிறோம்.

எங்கள் வீட்டுக் கதையையே சொல்கிறேன். 2019 டிசம்பரில் என் மனைவிக்குக் கர்ப்பப்பை அகற்றும் அறுவை சிகிச்சை நடந்தது. அதற்கு முந்தைய ஓராண்டு அவள் பட்ட பாட்டில், பீரோவின் கீழ்த்தட்டு முழுக்கப் பெரிய அளவு, இரவு அளவு என்று பொட்டலங்கள் சேர்ந்திருந்தன. 2020 பிப்ரவரியில் எங்கள் பெண் கல்யாணமாகிப் புனே போனாள். அவள் அலமாரியிலும் மிச்சம். இரண்டையும் சேர்த்து எண்ணினால் பதினொரு பொட்டலம். "யாருக்காவது கொடுத்துவிடலாம்" என்றாள் மனைவி. "ஆகட்டும், பார்க்கலாம்" என்றேன். அடுத்த மாதம் ஊரடங்கு வந்துவிட்டது.

எங்கள் வீட்டில் வேலை செய்பவரை நாங்கள் மாஷி என்றுதான் அழைப்போம். கேனிங்குக்கும் அப்பால், ஆறு கடந்து போகும் ஊர்க்காரர். பாலிகஞ்ச் ஸ்டேஷனில் விடிகாலையில் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும், தெற்குப் பிரிவு வண்டிகளிலிருந்து எத்தனை பெண்கள் இறங்குகிறார்கள் என்று. கரியாஹாட்டிலும் லேக் மார்க்கெட்டிலும் நம் வீட்டுப் பாத்திரங்கள் துலங்குவது அவர்கள் கையால்தான். கேனிங் பாதை நம் நாட்டின் மிகப் பழைய பாதைகளில் ஒன்று. 1863-லேயே அங்கே வண்டி ஓடியது. அந்தப் பாதையில் புறநகர் வண்டிகள் 2020 மார்ச்சில் நின்றவை, நவம்பர் 11-ந் தேதிதான் மறுபடி ஓடின. இடையில், மே 20 அன்று ஆம்பன் புயல்.

நவம்பரில் மாஷி திரும்பி வந்தபோது ஆள் பாதியாகியிருந்தார். ஏரிக்கரை போன்ற மண் அணை உடைந்து உப்புத் தண்ணீர் ஊருக்குள் வந்ததையும், பள்ளிக்கூடக் கட்டடத்தில் ஒன்பது நாள் இருந்ததையும் என் மனைவியிடம் சொல்லியிருக்கிறார். அரிசி வந்ததாம், அவலும் வெல்லமும் வந்தனவாம், தார்ப்பாய் வந்ததாம். ஒருநாள் படகில் நாப்கினும் வந்ததாம். கொண்டுவந்த பையன் நல்ல பையன்தான், ஆனால் பெஞ்சு மேல் ஏறி நின்று, "எந்தெந்தப் பெண்களுக்கு வேண்டும், கை தூக்குங்கள்" என்றிருக்கிறான். ஊர் ஆண்கள் எல்லாம் அங்கேதான் இருந்தார்கள். மாஷிக்குப் பதினாறு வயதிலும் பதின்மூன்று வயதிலும் இரண்டு பெண்கள். மூத்தவள் தலையைக் குனிந்தவள் நிமிரவே இல்லையாம். மாஷிதான் போய் இரண்டு பொட்டலம் வாங்கி வந்திருக்கிறார். வாங்கியும் பயனில்லை. வீட்டோடு துணியெல்லாம் போய்விட்டது, இருந்த ஒரே உள்ளாடையும் நனைந்து கிடந்தது. ஒட்டிப் பயன்படுத்தும் நாப்கினை எதன் மேல் ஒட்டுவது? கடைசியில் பழைய புடவைக் கிழிசலைத்தான் கட்டிக்கொண்டாளாம்.

வங்காளிகள் மாதவிலக்கை நேராகச் சொல்லமாட்டார்கள், "ஷொரீர் காராப்" என்பார்கள். உடம்பு சரியில்லை என்று பொருள். நாமும் "தூரம்", "வீட்டுக்கு விலக்கு" என்று சுற்றி வளைத்துச் சொல்கிறவர்கள்தானே! மாஷி அதையெல்லாம் என் மனைவியிடம் சமையலறையில் தாழ்ந்த குரலில் சொன்னதும், அவள் எனக்கு இரவில் சொன்னதும், அந்தப் பள்ளிக்கூடத்தின் ஒன்பது நாளும் எங்கள் பீரோவில் பதினொரு பொட்டலம் உறங்கிக்கொண்டிருந்ததும் என்னை வெகு நாள் விடவில்லை. பாலிகஞ்சிலிருந்து கேனிங் சுமார் நாற்பது கிலோமீட்டர்தான்.

நிற்க. மறுநாள் பொட்டலங்களை எடுத்து மேஜைமேல் அடுக்கினோம். எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு மாஷியிடம் கொடுத்துவிடலாம் என்றேன் நான். "முதலில் பார்க்க வேண்டும்" என்றாள் மனைவி. பார்த்தால், நான்கு பொட்டலம் கொடுக்கத் தகாதவை. இரண்டில் பாச்சை உருண்டை வாசனை ஏறியிருந்தது. புடவைக்காகப் போட்ட உருண்டை பக்கத்தில் இருந்ததையெல்லாம் பிடித்துவிட்டது. ஒன்றின் உறை பிரிந்து, கொல்கத்தா மழைக்காலத்து ஈரத்தில் உள்ளே பொதபொதவென்று ஊறியிருந்தது. இன்னொன்றில் ஒட்டும் பசை காய்ந்து, காகிதத்தை உரித்தால் பசையும் கூடவே வந்தது. "பரவாயில்லை, அவர்களுக்கு எதுவும் இல்லாததற்கு..." என்று நான் தொடங்கினேன். "இதை நம் பெண்ணுக்குக் கொடுப்பீர்களா?" என்று கேட்டாள். மேலே பேசவில்லை. நான்கும் குப்பைக்குப் போயின.

ஈரமும் வாசனையும் ஏன் இவ்வளவு கெடுதல் செய்கின்றன என்று புரிந்துகொள்ள, ஒரு நாப்கினைக் கத்தரித்துப் பார்த்தேன். என் தொழில் புத்தி போகுமா? நம் ரயில் பாதையைப் போலவே அதுவும் அடுக்கடுக்காகத்தான் இருக்கிறது. மேலே மெல்லிய, துளைகள் கொண்ட, நெய்யாத துணி. அதன் கீழே ஈரத்தைப் பரப்பிவிடும் ஓர் அடுக்கு. நடுவில் மரக்கூழ்ப் பஞ்சு, அதனுள்ளே உப்புப் போன்ற சிறு மணிகள். இந்த மணிகள் தம் எடையைப் போலப் பலமடங்கு நீரைக் குடித்துக் கூழாகிவிடும். அடியில் நீர் கசியாத பாலித்தீன் தாள், அதன்மேல் பசை. பாதையில் மழைநீர் ஜல்லி வழியாக உடனே கீழே இறங்க வேண்டும், கீழே உள்ள சேறு மேலே வரக்கூடாது. வந்தால் அதைச் சேறு பொங்குதல் என்போம், வண்டியின் வேகத்தைக் குறைத்துவிடுவோம். இங்கும் அதே தத்துவம்தான். மேலே பட்டது தங்காமல் இறங்க வேண்டும், அழுத்தம் பட்டாலும் திரும்ப மேலே வரக்கூடாது. பரணில் கிடக்கும்போதே அந்த மணிகள் காற்றின் ஈரத்தைக் குடித்துவிட்டால், வேலை வரும்போது குடிக்க இடம் ஏது?

இதற்கு நம் நாட்டில் தரக் கட்டளையே உண்டு. ஐ.எஸ். 5405 என்று எண். 1980-ம் ஆண்டுக் கட்டளை 2019-ல் திருத்தப்பட்டது. பழைய கட்டளையில் உள்ள சோதனையைச் சொல்கிறேன். நாப்கினின் நடுவில் நிமிடத்துக்கு 15 மில்லி வீதம் 30 மில்லி திரவம் விடவேண்டும். அடியிலோ ஓரத்திலோ கசிவு தெரியக்கூடாது. சோதனைக்குச் சாயத் தண்ணீரோ ஆட்டு இரத்தமோ பயன்படுத்தலாம். இதைப் படித்ததும் ஒரு சந்தேகம் வந்தது. ஒரு மாதவிலக்கு முழுவதிலும் சராசரியாக வெளியேறும் இரத்தமே 30, 40 மில்லிதான் என்கிறார்கள் மருத்துவர்கள் (80 மில்லிக்கு மேல் போனால் அதிகப் போக்கு, மருத்துவரைப் பார்க்க வேண்டும்). அப்படியானால் ஒரு நாப்கினே ஐந்து நாளுக்குப் போதுமா? என் பெண்ணிடம் போனில் கேட்டேன், சிரித்துவிட்டாள். அது நிரம்புகிறதா என்பதல்ல கணக்கு. நிரம்பாவிட்டாலும் நான்கு முதல் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். மாற்றாவிட்டால் கிருமி வளரும், நாற்றம் வரும், தொடை உரசிப் புண்ணாகும்.

இந்தக் கணக்கு கொடுப்பவருக்கு மிக முக்கியம். ஆறு மணிக்கு ஒன்று என்றால் நாளைக்கு 4, ஐந்து நாளைக்கு 20. கடைசி நாட்களில் குறைத்துக்கொண்டாலும் 14, 15 வேண்டும். ஆக, ஆறோ ஏழோ உள்ள ஒரு பொட்டலத்தைக் கொடுத்தால் ஒரு பெண்ணுக்கு இரண்டு நாள் ஓடும். மூன்றாம் நாள் அவள் பழைய துணிக்குத்தான் திரும்புவாள். எட்டுப் பேருக்கு ஒவ்வொன்று கொடுப்பதைவிட மூன்று பேருக்கு முழு மாதத்துக்குக் கொடுப்பது மேல் என்பது என் அபிப்பிராயம். என் மனைவி இதை ஒப்புக்கொள்ளவில்லை. "ஒன்றுமே இல்லாதவளுக்கு அந்த இரண்டு நாள் பெரிது" என்கிறாள். வாசகர்கள் யோசிக்கட்டும்.

குறைவதை வாங்கிச் சேர்ப்பதும் இப்போது பெரிய செலவு அல்ல. மத்திய அரசின் மக்கள் மருந்தகங்களில், அதாவது ஜன் ஔஷதி கடைகளில், 'சுவிதா' என்ற நாப்கின் 2018 ஜூனில் இரண்டரை ரூபாய்க்கு வந்தது. 2019 ஆகஸ்டு முதல் ஒன்று ஒரு ரூபாய். நாப்கின் மீது 2017-ல் விதித்த 12 சதவீத ஜி.எஸ்.டி. வரியையும் மறு ஆண்டே எடுத்துவிட்டார்கள். வீட்டில் மிஞ்சியது ஒன்பது என்றால் பத்து ரூபாய் போட்டு ஒரு மாதத்துக்கு ஆக்கிவிடலாம்.

மிச்சம் என்றதும் ஒரு வரலாறு நினைவுக்கு வருகிறது. இன்று நாம் பார்க்கும் கடை நாப்கினே போரில் மிஞ்சிய சரக்கிலிருந்து பிறந்ததுதான். முதல் உலகப் போரில் காயத்துக்குக் கட்டுப் போடப் பஞ்சு போதவில்லை. அமெரிக்காவின் கிம்பர்லி-கிளார்க் என்ற காகிதக் கம்பெனி மரக்கூழிலிருந்து 'செல்லுகாட்டன்' என்ற கட்டுப் பொருளைச் செய்து கொடுத்தது. பஞ்சைவிட நன்றாக உறிஞ்சும், விலையும் குறைவு. களத்தில் இருந்த நர்சுகள் அதையே தங்கள் மாதவிலக்குக்கும் பயன்படுத்திக்கொண்டார்கள். 1918-ல் போர் நின்றதும் சரக்குக்குக் கிராக்கி இல்லை. நர்சுகளின் யோசனையைப் பிடித்துக்கொண்டு அந்தக் கம்பெனி 1920-ல் 'கோட்டெக்ஸ்' என்ற பெயரில் நாப்கினைக் கடைக்குக் கொண்டுவந்தது. ஆண் விற்பனையாளரிடம் கேட்டு வாங்கப் பெண்கள் கூச்சப்பட்டதால், மேஜைமேல் ஒரு பெட்டியில் காசைப் போட்டுவிட்டுப் பொட்டலத்தைத் தாமே எடுத்துக்கொள்ள ஏற்பாடு செய்தார்கள். நூறு ஆண்டு கழித்தும் நம் கடைக்காரர் கறுப்புப் பையிலோ செய்தித்தாளிலோ சுற்றித்தானே தருகிறார்!

மரக்கூழ் என்ற அந்த ரகசியத்தைக் கண்டுபிடிக்க நம் கோயம்புத்தூர் அருணாசலம் முருகானந்தம் இரண்டு ஆண்டுக்கு மேல் அலைந்தார் என்பது பலருக்கும் தெரிந்த கதை. 1998-ல் தம் மனைவி கந்தல் துணியை மறைத்து எடுத்துப் போவதைப் பார்த்துத் தொடங்கியவர். பஞ்சை வைத்துச் செய்தது தோற்றது. கால்பந்துக்குள் இருக்கும் ரப்பர் பையில் ஆட்டு இரத்தம் ஊற்றித் தாமே கட்டிக்கொண்டு சோதித்தார், ஊரார் பைத்தியம் என்றார்கள். கடைசியில் கிராமத்துப் பெண்களே இயக்கக்கூடிய சிறு இயந்திரத்தைச் செய்தார். 2016-ல் பத்மஸ்ரீ வந்தது. ஆட்டு இரத்தத்தைக் கேட்டுச் சிரித்தவர்களுக்கு, அரசின் தரக் கட்டளையிலும் அது எழுதியிருந்தது தெரியாது.

ஆனால் கொடுப்பதைப் பற்றிய பாடத்தை நான் கற்றது வேறு இடத்தில். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு தமிழ்நாட்டுக் கடற்கரைக்கு நாடெங்குமிருந்து துணி லாரி லாரியாக வந்தது. மீனவக் குடும்பங்கள் அணிய முடியாத கம்பளிகளும் கிழிசல்களும் சாலையோரம் மலையாகக் குவிந்து கிடந்த படங்கள் பத்திரிகைகளில் வந்தன. கொடுத்தவர்கள் எல்லோரும் நல்லெண்ணத்தோடுதான் கொடுத்தார்கள். டில்லியைச் சேர்ந்த 'கூஞ்ச்' என்ற தொண்டு நிறுவனம் அந்தக் குவியலை வாங்கித் தரம் பிரித்தது. அணியத் தகாத பருத்தித் துணிகளைத் துவைத்து, காயவைத்து, வெட்டித் துணி நாப்கின்களாக ஆக்கும் வேலை அப்படித்தான் பெருகியது. 'வெறும் துணித்துண்டு அல்ல' என்ற பொருளில் அதற்கு ஆங்கிலத்தில் பெயர் வைத்திருக்கிறார்கள். அதன் நிறுவனர் அன்ஷு குப்தா 2015-ல் மக்சேசே விருது பெற்றார். அவர் பல மேடைகளில் சொல்லும் செய்தி ஒன்று உண்டு. விலக்கு நாளில் பழைய ரவிக்கையைக் கட்டிக்கொண்ட ஒரு பெண், அதில் இருந்த துருப்பிடித்த கொக்கியால் வில்வாதம் கண்டு இறந்துபோனாராம். ஒரு கொக்கியைக் கத்தரிக்கோலால் எடுத்துப் போட எத்தனை விநாடி ஆகும்?

கூஞ்ச் தரும் பையில் நாப்கினோடு உள்ளாடையும் இருக்கும். அதை அறிந்தபோதுதான் மாஷி சொன்னது முழுதாக விளங்கியது. தண்டவாளம் மட்டும் கொண்டுபோய் இறக்கிவிட்டால் பாதை ஆகிவிடாது. ஸ்லீப்பர், பிடிப்பு, ஜல்லி எல்லாம் வேண்டும். அதுபோலவே இங்கும் உள்ளாடை, சோப்பு, தண்ணீர், மாற்ற ஒரு மறைப்பு, போட ஓர் இடம். இவ்வளவும் சேர்ந்தால்தான் அந்தப் பொட்டலம் ஒரு பெண்ணுக்கு உபயோகம். வெள்ளம் சூழ்ந்த ஊரில் இவற்றில் பாதி இருக்காது. வெயிலில் காயவைக்க முடியாத இடத்தில் துவைத்துப் பயன்படுத்தும் துணி நாப்கினும் உதவாது, அங்கே கடை நாப்கின்தான் சரி. தண்ணீரும் வெயிலும் உள்ள, குப்பை எடுக்க ஆள் வராத கிராமத்தில் துணி நாப்கினே மேல். எனவே கொடுப்பதற்கு முன் கேளுங்கள். "என்ன வேண்டும், எத்தனை பேருக்கு, எந்த வயது?" என்ற மூன்று கேள்வி போதும்.

தமிழ்நாட்டு அரசு 2011-ல் தொடங்கிய 'புது யுகம்' திட்டத்தில் கிராமத்து வளரிளம் பெண்களுக்கு இலவச நாப்கின் தந்தார்கள். பிரசவித்த தாய்மார்களையும் சிறையில் உள்ள பெண்களையும் அதில் சேர்த்தது எனக்கு மிகப் பிடித்தது. சிறைப் பெண்ணை யார் நினைக்கிறார்கள்! ஆறு கொண்ட மூன்று பொட்டலம் இரண்டு மாதத்துக்கு என்பது அளவு. மேலே போட்ட கணக்கோடு ஒப்பிட்டால் பாதிதான் வரும், ஆனாலும் பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போடாமல் இருக்க அது போதும். ஸ்காட்லாந்து இன்னும் ஒரு படி மேலே போய், வேண்டிய எவருக்கும் இலவசமாகக் கிடைக்கச் செய்ய வேண்டும் என்று 2021-ல் சட்டமே இயற்றியது. 2022 ஆகஸ்டு 15 முதல் அது முழுமையாக நடைமுறைக்கு வந்தது. நம் நாட்டில் 2020 ஊரடங்கின் முதல் நாட்களில் நாப்கின் அத்தியாவசியப் பொருளா என்பதிலேயே குழப்பம் இருந்தது. மார்ச் 29 அன்று உள்துறை அமைச்சகம் விளக்கம் எழுதித்தான் வண்டிகள் தடையின்றிப் போயின. அரிசி, பருப்புக்கு யாரும் விளக்கம் கேட்கவில்லை.

இதில் நான் மற்றவர்களைக் குறை சொல்ல உரிமை உள்ளவன் அல்ல. 1990-களின் கடைசியில் ஒரு செக்‌ஷனில் பாதை இன்ஸ்பெக்டராக இருந்தேன். கணவர் இறந்து கருணை அடிப்படையில் வேலைக்கு வந்த ஒரு பெண்மணி என் கேங்கில் இருந்தார். மாதத்தில் இரண்டு நாள் ஸ்டேஷன் பக்கமே வேலை போடும்படி கேட்பார், காரணம் சொல்லமாட்டார். "எல்லோருக்கும் ஒரே வேலைதான் அம்மா" என்று நான் ஆறு கிலோமீட்டருக்கு அப்பால் அனுப்புவேன். போகமாட்டார். ஆப்சென்ட் போடுவேன், சம்பளம் போகும். வீட்டில் ஒருநாள் இதைப் பெருமையாகச் சொன்னபோது என் மனைவி சாதம் போடுவதை நிறுத்திவிட்டு, "ஆறு கிலோமீட்டர் தண்டவாளத்தில் அவள் எங்கே மறைவாள்?" என்று கேட்டாள். அதன்பின் வேலையை மாற்றிப் போட்டேன். ஆனால் அதற்கு முன் போட்ட ஆப்சென்ட்டுகள் ஏட்டில் அப்படியேதான் இருந்தன. அவரிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை.

நம் சமூகத்தின் போக்கும் விசித்திரம்தான். பெண் பெரியவளானால் அழைப்பிதழ் அடித்து, மண்டபம் பிடித்து, மஞ்சள் நீராட்டு விழா செய்கிறோம். அடுத்த மாதம் அதே பெண் நாப்கின் வாங்கக் காசு கேட்டால் மென்று விழுங்கிக் கேட்கிறாள். இங்கே வங்காளத்தில் ஆஷாட மாதத்தில் அம்புபாச்சி என்று பூமித்தாய்க்கே மூன்று நாள் விலக்கு கொடுத்து, ஏர் பூட்டாமல் இருக்கிறார்கள். பூமிக்குக் கிடைக்கும் மரியாதையும் ஓய்வும் கேனிங் லோக்கலில் நின்றுகொண்டு வரும் பெண்ணுக்குக் கிடைப்பதில்லை.

சரி, யாருக்குக் கொடுப்பது? முதலில் பக்கத்திலேயே பாருங்கள். வீட்டில் வேலை செய்பவர், அவர் பெண்கள், குடியிருப்பைப் பெருக்கும் பெண்மணி. ஆனால் சம்பளத்துக்கோ பூஜை போனசுக்கோ பதிலாக இதைக் கணக்குக் காட்டாதீர்கள். (சிரிக்க வேண்டாம், நடக்கிறது.) கொடுப்பதைப் பெண்தான் கொடுக்க வேண்டும் என்பதில்லை, ஆனால் கூட்டத்தில் கொடுக்கக்கூடாது. கறுப்புப் பையும் வேண்டாம், நல்ல துணிப்பையில் சோப்போடும் இரண்டு புது உள்ளாடையோடும் வைத்துக் கொடுங்கள். உள்ளாடை மட்டும் பழையது கூடவே கூடாது. அரசுப் பெண்கள் பள்ளிகளில் தலைமை ஆசிரியையைக் கேட்டால் தேவையைச் சொல்வார். பெண்கள் விடுதி, ஆதரவற்றோர் இல்லம் ஆகியவற்றிலும் கேட்கலாம். புயல் சமயத்தில் நம் ராஷ்பிஹாரி அவென்யூவிலேயே தலைமையகம் உள்ள பாரத் சேவாஷ்ரம சங்கம் போன்ற நிவாரணச் சங்கங்களிடம் போன் செய்து, இது தேவையா, ஏற்பார்களா என்று தெரிந்துகொண்டு கொண்டுபோவது நல்லது. தென் கொல்கத்தாக் கல்லூரி மாணவர் ஒருவர் சில ஆண்டுகளுக்கு முன் பொதுக் கழிப்பறைகளில் நாப்கின் பெட்டி வைக்கத் தொடங்கியதைச் செய்தித்தாளில் படித்திருப்பீர்கள். ஆண்பிள்ளைதான் அவரும்.

எதைக் கொடுக்கலாம் என்பதில் என் மனைவியின் விதி கண்டிப்பானது. பிரிக்காத பொட்டலம் நிச்சயம். வெளி உறை பிரிந்திருந்தாலும் உள்ளே ஒவ்வொன்றும் தனித்தனி உறையில் பத்திரமாக இருந்தால், "பிரித்தது, மிச்சம்" என்று சொல்லிக் கொடுக்கலாம். தனி உறை இல்லாமல் உதிரியாக இருப்பது கூடாது. உறையில் அச்சிட்ட தயாரிப்பு மாதத்தையும், கெடு இருந்தால் அதையும் பாருங்கள். தேதி அழிந்திருந்தால் விட்டுவிடுங்கள். ஒன்றைப் பிரித்து, பசை ஒட்டுகிறதா, ஈர வாசனை உண்டா என்று சோதித்துவிடுங்கள். பிரசவத்துக்கென்று வாங்கிய பெரிய நாப்கின்களைப் பள்ளிப் பெண்ணுக்குக் கொடுக்காமல் பிரசவமான வீட்டுக்குக் கொடுங்கள். உள்ளே வைக்கும் டாம்பான், சிலிகான் கப் ஆகியவை, பழக்கம் உள்ளவர் கேட்டால் மட்டும், அதுவும் பிரிக்காததாக இருந்தால் மட்டும். டாம்பானை எட்டு மணி நேரத்துக்கு மேல் விட்டால் ஆபத்தான விஷக்காய்ச்சல் வரக்கூடும் என்பதால், விவரம் தெரியாதவர் கையில் அதைக் கொடுப்பது உதவி ஆகாது.

பயன்படுத்தியதை எப்படி எறிவது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அடித்தாள் பிளாஸ்டிக், மக்காது. கழிப்பறைக் குழாயில் போட்டால் அடைக்கும். அந்த அடைப்பை ஒரு மனிதர்தான் கையை விட்டு எடுக்கிறார். 2016-ல் வந்த திடக்கழிவு விதிகள், நாப்கினைப் பத்திரமாகச் சுற்றித்தான் போட வேண்டும் என்றும், சுற்றுவதற்கான உறையைத் தயாரிப்பாளரே தர வேண்டும் என்றும் கூறின. பழைய செய்தித்தாளை அளவாகக் கத்தரித்துப் பையோடு வைத்துக் கொடுத்தால் செலவில்லாமல் முடிந்தது.

எங்கள் ஏழு பொட்டலத்துக்கு வருவோம். மனைவி சுவிதா கொஞ்சம் வாங்கிச் சேர்த்து, இரண்டு பெண்களுக்கும் மூன்று மாதத்துக்கு ஆகும்படி இரண்டு பை தைத்தாள். மாஷி பிரித்துப் பார்த்தார். உள்ளாடையைக் கண்டதும், "மாஷிமா, இதில் இன்னும் இரண்டு கிடைக்குமா? காசு தருகிறேன். எங்களோடு பள்ளிக்கூடத்தில் இருந்த அடுத்த வீட்டுப் பெண்ணுக்கும் இல்லை" என்றார். நாப்கினைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. கரியாஹாட் நடைபாதைக் கடைக்கு அன்று மாலை நானே போனேன். அளவு என்ன என்று கடைக்காரர் கேட்டார். எனக்குத் தெரியவில்லை. திரும்பி வந்து கேட்டுக்கொண்டு மறுபடி போனேன்.

சங்கத்து மகளிர் குழு இப்போது நூலக அறையில், அகராதிகள் இருக்கும் அலமாரிக்குப் பக்கத்தில், மூடியுள்ள ஒரு தகரப் பெட்டி வைத்திருக்கிறது. ஈரம் ஏறாமல் இருக்க மூடியின் ஓரத்தில் ரப்பர் பட்டை ஒட்டிக் கொடுத்தது நான். ஞாயிறு காலை பத்து முதல் பன்னிரண்டு வரை திறந்திருக்கும். புது உள்ளாடை கொண்டுவருபவர்கள் அளவைச் சீட்டில் எழுதிச் செருகிவிடுங்கள். சாவி நூலகப் பொறுப்பாளரிடம் இருக்கிறது. ஆண்கள் கொண்டுவந்தாலும் வாங்கிக்கொள்வார்கள். இதுவரை வந்தவர்களில் ஆண் நான் ஒருவன்தான்.